தளை தட்டிய தப்பால்காரர்

பதுளையில பொறந்த, பதுளைக்குப் பொழைக்க வந்த, பதுளையிலேயே செத்துப்போன கவிராயர்கள் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சா, அந்த வரிசையில கடைசி ஆளு நம்ம தப்பால்காரர்தான். அவரவிட மோசமாப் பாட்டுக் கட்டுன மனுசன் ஊவா மாகாணத்துலயே கெடையாது. அவருக்கு ஒரு எடம் முன்னால நிக்கிறது யாருன்னு கேப்பீங்க. அத இந்தக் கட்டுரைய எழுதுறவன்கிட்டயே கேக்குறது அவ்வளவு மரியாதையில்ல.

தப்பால்னா எங்க பக்கத்துல தபால். தோட்டத்துக் கந்தோருக்கும் டவுன் தபால் கந்தோருக்கும் நடுவுல கடுதாசிப் பையச் சொமந்து நடக்குறவரு தப்பால்காரர். லுணுகலைக்கு மேல இருந்த மூணு தோட்டத்துக்கும் அவரு ஒருத்தர்தான். ஒரு நாளு பதுளைக்கு வருவாரு, மறுநாளு திரும்பிப் போவாரு. அவருக்குன்னு அப்பன் ஆத்தா வச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். நாங்க யாரும் கேக்கல, அவரும் சொல்லல.

தோள்ல பை, கையில மணி கட்டுன கம்பு. காட்டு மிருகம் வெலகுறதுக்காகக் கட்டுன மணி அது. கம்பு தரையில படுறப்ப ஜல்லு ஜல்லுங்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் மனுசன் பாட்டுக் கட்டுவாரு. அதனால ஏத்தத்துல கட்டுன அடியெல்லாம் ரெண்டு சொல்லுல மூச்சு வாங்கி நிக்கும். எறக்கத்துல கட்டுன அடி நிக்கவே நிக்காது, மாடு அத்துக்கிட்டு ஓடுற மாதிரி ஓடும்.

"என்னண்ணே, மூணாவது அடி இம்புட்டு நீளமாப் போகுது?"

"அது ஏழாங்கட்டைக்கு இந்தப் பக்கம் தம்பி. நல்ல சரிவு."

இப்பிடி மைல் கட்டை பாத்து யாப்பு படிச்ச ஒரே புலவர் அவருதான்.

சரி, என்ன பாட்டு கட்டுவாரு? முருகன் மேலயா? காதலா? அதெல்லாம் இல்ல. செத்தவுங்க திதி. நம்மள்ல ஒரு வழக்கம் உண்டு. இன்ன மாசம், வளர்பிறையா தேய்பிறையா, எத்தனாவது திதி, அன்னைக்கி இன்னார் போய்ச் சேந்தாருன்னு ஒரு வெண்பாவுல அடக்கி வைக்கிறது. வீட்டுல உள்ளவுங்க அந்தப் பாட்ட மனசுல வச்சுக்கிட்டு, வருஷா வருஷம் அதே திதியில எலை போட்டுச் சோறு வைப்பாங்க. பெரிய வீடுகளுக்குப் புலவர் எழுதி, அச்சடிச்சுக் குடுப்பாங்க. நம்மாளு லயத்துச் சனங்களுக்கு, தோட்டத்து வரிசை வீட்டுல கெடக்குறவுங்களுக்குக் கட்டுனாரு. யாரும் அவரக் கேட்டுக்கல. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ, செடியக் கவ்வாத்து வெட்டுறவன், கெழவி, கைக்கொழந்தை, ஆரு செத்தாலும் ஒரு பாட்டு. அவருகிட்ட பஞ்சாங்கம் கெடையாது. விடியக்காத்தால நடக்குற மனுசனுக்கு நெலாதான் பஞ்சாங்கம்.

இப்ப என்னையப் பத்தி. பதுளைக் கடைவீதியில ஒரு ஜவுளிக்கடையில துணி கிழிக்கிறது என் உத்தியோகம். துணி கிழிக்கிற நேரம் போக மத்த நேரம் வெண்பா கிழிப்பேன். எங்க ஊருல செய்யுள் சபைன்னு ஒண்ணு இருந்துச்சு. பதினேழு பேரு. அரிசிக்கடை மொதலாளி தலைவரு, ஏன்னா சோறு அவரு வீட்டுது. மெஷின் மாதிரி மீசை வச்ச, தேயிலை ஆலையப் பாத்துக்கிற டீமேக்கர் ஐயா ஒருத்தர் உபதலைவரு. கொழுந்து வாட்டுறதப் பத்தி நூறு பாட்டு எழுதி, முப்பத்தேழாவது பாட்டுல நாங்க எல்லாரும் வாடிப்போற வரைக்கும் படிப்பாரு. நான் இலக்கணம் பாக்குறவன். அடுத்தவன் பாட்டுல தளை தட்டுதான்னு பாக்குறது என் வேலை. தளை தட்டுறதுன்னா ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் ஓசை ஒட்டாம வெண்பா காலு இடறுறது. எம் பாட்டுல தட்டாது. எம் பாட்டுல வேற ஒண்ணும் இருக்காது, ஆனா தளை தட்டாது.

வருஷத்துல ஒரு நாளு, ஆடி மாசக் கடைசியில, பதுளு ஓயா ஆத்தங்கரையில மாமரத்தடியில எங்க கூட்டம். கச்சான் காத்து அடிச்சுக் கொழுந்து சுருங்கிப்போற காலம், தோட்டத்து ஆளுங்களுக்கு லீவு கெடைக்கும். பாதிப்பேரு கதிர்காமம் போயிட்டு மொட்டைத் தலையோட வந்து உக்காந்திருப்பாங்க. காத்துல கடுதாசி பறக்கும்னு ஒவ்வொருத்தரு மடியிலயும் ஒரு கல்லு. ஒரு வருஷம் டீமேக்கர் ஐயாவோட அறுபதாவது பாட்டுல இருந்து நூறு வரைக்கும் காத்து தூக்கிட்டுப் போயி ஆத்துல போட்டுச்சு. கச்சானுக்கு நல்ல இலக்கிய ரசனைன்னு எனக்கு அன்னைக்கித்தான் தெரிஞ்சுச்சு.

எல்லாரும் அவுங்கவுங்க எழுதுனதப் படிச்சு முடிச்சப்பறம் கடைசியா, "தப்பால்காரரு"ன்னு கூப்பிடுவாங்க. ஒடனே பாதிப்பேரு சாயத்தண்ணி, அதான் வெறுந்தேத்தண்ணி, குடிக்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அவரு பாட்டுக்கு நின்னு அந்த வருஷம் செத்தவுங்க அத்தன பேரையும் சொல்லுவாரு. நாப்பது, அம்பது. கடுதாசி கெடையாது, எல்லாம் மனப்பாடம்.

ஒரு தடவ மொதலாளி பொறுக்க மாட்டாம கேட்டாரு: "ஏன்யா, உசுரோட இருக்குறவன் ஒருத்தனப் பத்தியும் ஒனக்குப் பாட்டு வராதா?"

"அவுங்களுக்கு இன்னும் திதி வரலையே மொதலாளி."

டீமேக்கர் ஐயா மீசையத் தடவிக்கிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு கட்டி வச்சிருக்கியா?"ன்னாரு.

"அவசரமில்லீங்கய்யா. நீங்க ஆகவேண்டியதப் பாருங்க. நான் பின்னாடியே வர்றேன்."

அதுக்கப்பறம் டீமேக்கர் ஐயா அவரு பக்கத்துல உக்காரவே மாட்டாரு.

அடுத்த வருஷம் காய்ச்சல் வந்துச்சு. அந்தக் காய்ச்சலப் பத்தி வேடிக்கையா எழுத எனக்குத் தெரியல, அதனால உள்ளத உள்ளபடி சொல்றேன். எங்க கடையில வேட்டி போகல, சேலை போகல. கோடித்துணி மட்டும் போச்சு. தப்பால்காரர் ஒரு நாளு விட்டு ஒரு நாளு வந்து கடைவாசல்ல நிப்பாரு.

"எத்தனண்ணே?"

"ஆறு தம்பி. நாலு பெருசு, ரெண்டு சின்னது."

சின்னதுன்னா என்னன்னு மொத நாளு கேட்டேன். அப்பறம் கேக்கல. அளந்து கிழிச்சு மடிச்சுக் குடுப்பேன். தொரைமாருக்கு வந்த கடுதாசிக்கு அடியில அத வச்சுக்கிட்டு நடந்து போயிருவாரு. சமயத்துல மணிச் சத்தம் கடைக்கு வந்து சேருறதுக்கு முன்னாடியே எங் கையி வெள்ளத் துணிக்குப் போயிரும்.

லுணுகலைத் தோட்டத்துல ஒரு லயமே படுத்துருச்சு. கணக்கப்பிள்ளையும் படுத்துட்டாரு. காலையில பெரட்டுக்குப் பேரு கூப்பிட ஆளு இல்ல. பல நாளு கழிச்சு எந்திரிச்சு வந்த கணக்கப்பிள்ளை, செத்துப்போன பதினோரு பேரையும் கந்தோருப் புத்தகத்துல ஒரே தேதியில எழுதிப்போட்டாரு. அவரு என்ன பண்ணுவாரு, பாவம். அந்தப் பேருங்களக் கூப்பிட்டுப் பதில் வராதது அன்னைக்கித்தான அவருக்குத் தெரியும்.

அந்தப் பதினோரு பேருல ஒருத்தி வள்ளி. அவ புருசன் வீரமுத்து அந்த நேரத்துல காய்ச்சலோட பதுளை ஆஸ்பத்திரியில நெனவு இல்லாமக் கெடந்தான். பொழைச்சுத் திரும்பிப் போனப்ப லயத்துல அவுங்க அறையில, அந்தக் காம்பராவுல, அடுப்பு மட்டும் இருந்துச்சு. எந்த நாளு போனான்னு அக்கம்பக்கத்துல கேட்டான். ஒருத்தர் திங்கள்ன்னாங்க, ஒருத்தர் வெள்ளின்னாங்க. எல்லாருக்கும் காய்ச்சல், எல்லா நாளும் ஒரே நாளா இருந்துருக்கு. அவனால அந்தக் காம்பராவுல படுக்க முடியல. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போயிட்டான்.

வருஷம் திரும்புறப்ப, அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு ஆளுகிட்ட தப்பால்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். "எம் பொண்டாட்டி எந்தத் திதியில போனான்னு ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். பாட்டாக் கட்டி அனுப்புங்க. தொரை திதிக்கு ஒரே ஒரு நாளுதான் லீவு தருவாரு. அந்த நாளு தப்பிரக் கூடாது."

தப்பால்காரருக்கு விலாசம் வாசிக்கத் தெரியும், எழுத வராது. கடைக்கு வந்தாரு. "தம்பி, நான் சொல்றத அப்பிடியே எழுதி வீரமுத்துக்கு அனுப்பிருங்க"ன்னு சொல்லிட்டு, கண்ண மூடிக்கிட்டுச் சொன்னாரு:

"ஆவணி மாசம் தேய்பிறை சப்தமி
விடியக்காத்தால நம்ம வீரமுத்து பொண்டாட்டி வள்ளி
தண்ணி கேட்டா, குடிச்சா
போயிட்டா."

கடைசி ரெண்டு அடியும் நல்ல ஏத்தத்துல கட்டுனது போல.

"தண்ணி கேட்டா குடிச்சான்னெல்லாம் வெண்பாவுல வருமாண்ணே?"

"கேட்டா தம்பி."

அவரு போனதும் நான் பேனாவ எடுத்தேன். எழுதுறப்ப எங் கையி சும்மா இருக்குமா? நான் இலக்கணம் பாக்குறவனாச்சே. மொதல்ல விடியக்காத்தால போச்சு. அப்பறம் தண்ணி போச்சு. மொத ரெண்டு அடியில மாசத்தையும் சப்தமியையும் அழகா உக்கார வச்சுட்டு, கடைசி ரெண்டு அடிக்கு வந்தேன். "வள்ளி"ங்குற சொல்லுக்குப் பின்னால "தேய்பிறையில்"னு வந்தா தளை தட்டுது. "வளர்பிறையில்"னு போட்டா தட்டல. அதோட வ-வுக்கு வ, மோனையும் வந்து விழுந்துச்சு.

"வள்ளி வளர்பிறையில் வானேறிப் போயினாள்
வெள்ளிமலை நாதன் விருப்பு."

எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் நடுவுல பதினஞ்சு நாளு இருக்குன்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும். ஆனா நான் நெலாவப் பாத்து எழுதல, மோனையப் பாத்து எழுதுனேன். அந்தப் பதினஞ்சு நாளும் அப்ப எங்க போச்சுன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல. கவரு ஒட்டி ஹல்துமுல்லைக்கி அனுப்பிட்டேன்.

அந்த வருஷம் ஆடி கடைசி நாளு ஞாயித்துக்கெழமையா வந்துச்சு. கூட்டத்துக்குப் பதினேழுக்குப் பதிலா பதினாலு பேரு வந்திருந்தோம். மூணு பேரக் காய்ச்சல் கொண்டு போயிருந்துச்சு. அவுங்க உக்காருற எடத்துல யாரும் உக்காரல. காத்து மட்டும் வழக்கம்போல வந்துச்சு.

எம் முறை வந்துச்சு. "தப்பால்காரரு கட்டுனது, அடியேன் செப்பம் பண்ணுனது"ன்னு சொல்லிட்டு வள்ளி வெண்பாவப் படிச்சேன். என் ஆயுசுல மொத தடவையா யாரும் எந்திரிச்சுச் சாயத்தண்ணிக்குப் போகல. மொதலாளி கண்ணத் தொடச்சுக்கிட்டு, "இன்னொரு வாட்டி படிப்பா"ன்னாரு. படிச்சேன். மூணாவது வாட்டி அவுங்க கேக்கல, நானாப் படிச்சேன்.

பின்னால இருந்து தப்பால்காரர் மெதுவா எந்திரிச்சாரு. "தம்பி, அது தேய்பிறை."

"தெரியும்ணே. தளை தட்டுது."

"என்ன தட்டுது?"

"தளைண்ணே. தேய்பிறைன்னு போட்டா வெண்பா இடறும்."

"அது இடறட்டும் தம்பி. வள்ளி தேய்பிறையிலதான போனா?"

எல்லாரும் சிரிச்சாங்க. டீமேக்கர் ஐயா, "ஒரு பிறை முன்னப்பின்ன இருந்தா என்னப்பா. ஒம் பேருல இன்னைக்கித்தான் ஒரு பாட்டு நிக்குது, அதையும் தள்ளிவிடாத"ன்னாரு. அதுக்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரிச்சேன். அதச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை பொய்யாப் போயிரும்.

தப்பால்காரர் சிரிக்கல. "வீரமுத்துக்கு எத அனுப்புனீங்க?"

நான் மடியில இருந்த கல்லப் பாத்தேன்.

"இதையா?"

"ஆமாண்ணே."

அவரு வெரல மடக்கி எண்ணுனாரு. "நாளான்னைக்கி செவ்வாக்கெழம வளர்பிறை சப்தமி. அவனுக்கு ஒரு நாளுதான் லீவு."

அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு. மொதலாளி, "தந்தி அடிச்சிருவோம்யா"ன்னாரு.

"தந்தி தொரை கைக்குப் போகும் மொதலாளி. தொரை எங்க லயத்துக்குப் போயி தேய்பிறைன்னு சொல்லப் போறாரு?"

கம்ப எடுத்துக்கிட்டாரு. தபால் கந்தோருல வேலை பாக்குற ஆளு ஒருத்தரு வீட்டுக்குப் போயி, ரெண்டு மூணு நாளைக்கி பைக்கு வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொன்னாரு. இருவது வருஷத்துல அவரு கேட்ட மொத லீவு அதுதான்னு அந்த மனுசன் பின்னால சொன்னாரு.

நான் ஏன் கூடப் போனேன்? வீரம்னு நெனச்சிராதீங்க. அந்த மரத்தடியில அதுக்கு மேல உக்கார முடியல. "நானும் வர்றேண்ணே"ன்னேன். அவரு எங் காலப் பாத்தாரு. கடைக்காரன் காலு, கம்பளத்துலயே நடந்து பழகுனது. நடக்க ஆரம்பிச்சாரு.

பதுளையில இருந்து ஹல்துமுல்லைக்கி முப்பது மைலுக்கு மேல. இப்ப பதுளைக்கே ரயிலு வந்துருச்சு, நீங்க ஜன்னல் ஓரமா உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டே அப்புத்தளைக்குப் போயிருவீங்க. அன்னைக்கி பண்டாரவளையோட ரயிலு முடிஞ்சுருச்சு. ரெண்டாங்கட்டையில எஞ் செருப்பு அறுந்துச்சு. அஞ்சாங்கட்டையில எம் பெரும அறுந்துச்சு. அவரு நடையில ஒரு மாத்தமும் இல்ல. ஜல்லு ஜல்லு. போற வழியெல்லாம் அந்த வருஷத்துப் பாட்டச் சொல்லிக்கிட்டே வந்தாரு, கூட்டத்துல சொல்ல விடலைல்ல. பூராடம்மா, ஐப்பசி, அமாவாசை. அவ மகன், அதுக்கு மூணாம் நாளு. எதுத்தாப்புல வர்ற வண்டிக்காரன் எல்லாம் வண்டிய ஓரங்கட்டி, "யாருங்க தவறிட்டாங்க?"ன்னு கேட்டான். நான் நொண்டிக்கிட்டு வந்ததப் பாத்துட்டு ஒருத்தன், "பாவம், ரொம்ப நெருங்குன சொந்தம் போல"ன்னான்.

ராத்திரிக்கி ஒரு தோட்டத்துல கொழுந்து நிறுக்குற மடுவத்துல படுத்தோம். மறுநாளு பண்டாரவளையில ரயிலு பொகை விட்டுக்கிட்டு நின்னுச்சு.

"அண்ணே, அப்புத்தளைக்கி அதுல ஏறிருவோம்ணே."

"அது சாயங்காலம் கெளம்புறது தம்பி. நாம அதுக்குள்ள போயிருவோம்."

போய்ச் சேரல. எங் காலு விடல. மூணு எடத்துல நான் ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டேன். அவரு நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு, வாயத் தொறக்க மாட்டாரு. திட்டியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். எம் பாட்டால கெட்ட பொழுது பத்தாதுன்னு எங் காலாலயும் ஒரு பொழுது கெட்டுச்சு.

செவ்வாக்கெழம பெரகலச் சந்தியத் தாண்டி எறங்குறப்பயே சூரியன் உச்சிக்கு வந்துருச்சு. ஹல்துமுல்லைத் தோட்டத்து லயத்துக்கு நாங்க போறப்ப வீரமுத்து காம்பரா வாசல்ல எலை போட்டாச்சு. சோறு, பருப்பு, பூசணிக்காக் கறி, ஒரு வடை. புதுச்சேலை ஒண்ணு மடிச்சு வச்சிருந்துச்சு. காக்காவுக்கு வச்ச உருண்டை மட்டும் கூரை மேல அப்பிடியே இருந்துச்சு.

எங்களப் பாத்ததும் வீரமுத்து ஓடி வந்தான். எலும்பும் தோலுமா இருந்தான், ஆனா மொகத்துல ஒரு தெளிச்சி.

"அண்ணே, திதிக்கே வந்துட்டீங்களா? இம்புட்டுத் தூரமா? வாங்க, வாங்க."

அப்பறம் என்னையப் பாத்து, "இவுங்கதான் எழுதி அனுப்புனதா? ஐயா, என்ன பாட்டுங்க அது. இங்க கணக்கப்பிள்ளைய பத்து தடவ படிக்கச் சொல்லிப் பாடமாக்கிட்டேன்"ன்னான். சொல்லிட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னு பாடுனான். வள்ளி வளர்பிறையில் வானேறிப் போயினாள். ஒரு எடத்துல தட்டல. லயத்துப் பொம்பளைங்க சேலைத்தலைப்பால வாயப் பொத்திக்கிட்டு அழுதாங்க. எம் பாட்டுக்கு அதவிடப் பெரிய சபை எனக்குக் கெடைச்சதில்ல, அந்த எடத்துல நான் செத்துப்போயிருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன். செத்திருந்தாலும் நம்மாளு திதியச் சரியாக் குறிச்சிருப்பாரு.

தப்பால்காரர் கம்பச் செவுத்துல சாத்திட்டு, "வீரமுத்து, ஒக்காரு"ன்னாரு. அவன் ஒக்காந்தான்.

"இன்னைக்கி இல்லப்பா. வள்ளி போனது தேய்பிறை சப்தமி. இன்னும் பதினஞ்சு நாளு இருக்கு. நான் சொல்றப்ப தப்பாச் சொல்லிட்டேன்."

நான் வாயத் தொறந்தேன். வெண்பா வெண்பாவாப் படிச்சுத் தள்ளுன வாயில இருந்து அந்த நேரத்துல ஒரு சொல்லு வரல.

வீரமுத்து எலையப் பாத்தான். "லீவு குடுத்துட்டாங்களேண்ணே. இனிமே தர மாட்டாங்களே."

"லீவு எதுக்கு? அவ போனது விடியக்காத்தால. பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி. நீ அந்த நேரத்துக்கே வச்சிரு. அதுதான் அவ நேரம்."

"அப்ப இன்னைக்கி வச்ச சோறு?"

தப்பால்காரர், "போன வருஷம் இதே வளர்பிறை சப்தமியில பச்சையப்பன் போனான்"ன்னாரு.

"எந்தப் பச்சையப்பன்? லுணுகலையில நம்ம லயத்துக் கோடியில தனியாக் கெடந்தானே, அந்தக் கெழவனா?"

"அவனேதான். அவனுக்கு யாரும் இல்ல."

"எங் கோழிய அடிச்சுத் தின்னவண்ணே அவன்."

"ஆமா. கேள்விப்பட்டேன்."

"வள்ளிகூடப் போட்ட சண்டை கொஞ்சமா? அவனுக்கா நான் பூசணிக்கா வச்சிருக்கேன்?"

வீரமுத்து மடிச்சு வச்சிருந்த சேலைய எடுத்து உள்ள வச்சுட்டு வந்தான். எலைக்கு முன்னால நின்னு, "பச்சையப்பா, சாப்புட்டுப் போ"ன்னான். சொல்லிட்டுத் தம்ளர்ல தண்ணியும் மொண்டு வச்சான். அப்பறந்தான் அவன் கேட்டான்: "அண்ணே, நீங்க கட்டுன பாட்டு இதுதானா, இல்ல அதுவும் வேறயா?"

தப்பால்காரர் என்னையப் பாக்கல. கண்ண மூடிக்கிட்டு அவரு பாட்டச் சொன்னாரு. ஆவணி மாசம் தேய்பிறை சப்தமி. விடியக்காத்தால. தண்ணி கேட்டா, குடிச்சா. போயிட்டா.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

சொன்னாரு.

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டா. பைய எறக்கி வச்சுட்டு உள்ள போயி மொண்டு குடுத்தேன். தலையத் தூக்கிப் புடிச்சேன். ரெண்டு வாய் குடிச்சா."

வீரமுத்து தரையில கைய ஊணிக்கிட்டான். "எல்லாரும் படுத்துக் கெடந்தாங்கன்னு சொன்னாங்கண்ணே. பக்கத்துல ஆளு இல்லாம, ஒரு வாய் தண்ணி கேட்டுக் கேட்டுத்தான் போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு நாளும் தண்ணி குடிக்கிறப்ப அதத்தான் நெனப்பேன்."

அதத்தான் நான் பாட்டுல இருந்து வெட்டி எடுத்திருந்தேன். வெண்பாவுல வராதுன்னு.

அன்னைக்கி பொழுது சாயுற வரைக்கும் அவன் அந்தப் பாட்டப் பாடம் பண்ணுனான். லேசுல மனசுல நிக்கிற பாட்டு இல்ல அது. அடிக்கு அடி அளவு மாறுது, எதுகை இல்ல, மோனை இல்ல. பத்து எடத்துல விட்டுட்டான், தப்பால்காரர் பத்து தடவையும் எடுத்துக் குடுத்தாரு. தண்ணி கேட்டா, குடிச்சாங்குற எடத்த மட்டும் ஒரு தடவகூட மறக்கல. என் வெண்பாவ அதுக்கப்பறம் அந்த லயத்துல யாரும் பாடுனதாத் தெரியல. நானும் எங்கயும் படிக்கல. அச்சுல வர்றது இதுதான் மொத தடவ, அதுவும் குத்தத்த ஒத்துக்கிறதுக்காக.

மறுநாளு வெள்ளனத் திரும்புனோம். பெரகல ஏத்தத்துல நான் கேட்டேன். "ஏண்ணே, தப்பு ஒங்களதுன்னு சொன்னீங்க?"

"நீங்க அழுகுற மாதிரி நின்னீங்க தம்பி. செத்த வீட்டுல ஒருத்தர் அழுதாப் போதும்."

கொஞ்ச தூரம் போனதும் நின்னு, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து, ரெண்டாக் கிழிச்சாரு. துணி கிழிக்கிறவன் நான்தான், இருந்தாலும் அவரு கிழிச்சாரு. எங் காலு ரெண்டுலயும் சுத்திக் கட்டுனாரு. அப்பறம் நடந்தோம். மணிச் சத்தத்துல ஏதோ மாறியிருக்குன்னு எனக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஒறைச்சுச்சு. இருவது வருஷமா எந்த மேட்டுக்கும், எந்த மழைக்கும், எந்தத் தொரைக்கும் நடைய மாத்தாத மனுசன், அன்னைக்கி பெரகலயில இருந்து அப்புத்தளை வரைக்கும் எங் காலுக்குத் தக்கன மெதுவா நடந்துக்கிட்டு இருந்தாரு.